கலப்பும் கௌரவமும்

அமெரிக்கக் கலைஞர் கிட் கடியின் முதலாவது இசைத்தொகுப்பாகிய 'மேன் ஒன் த மூன்: தி எண்ட் ஒஃப் டே' 2009 செப்ரெம்பர் 15 இல் வெளிவந்தது. றப், இண்டி றொக்கோடும் இலத்திரனியல் இசையோடும் அதிற் கலந்து நிற்கின்றது, எம்.ஜி.எம்.ரி., றற்றற் ஆகிய குழுவினர் அதன் பாடலொன்றிற் பங்குகொண்டனர். இத்தகைய கலப்பைப் பற்றி இரு கூற்றுக்கள் அடிக்கடி செவிப்படுகின்றன. றப்பின் தூய்மை கெட்டது என்பது ஒன்று. றப் கலையாக உயர்ந்தது என்பது மற்றையது. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் இரண்டும் ஒரே தவற்றிற் பிறந்தவையே.

தூய்மைவாதிகளை முதலில் நோக்குவோம். அவர்கள் காக்க முனையும் தூய்மை எக்காலத்தில் இருந்தது? 1973 இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் இவ்விசைக்கு வித்திட்ட கூல் ஹேர்க், யமேக்காவிற் பிறந்தவர். 1982 இல் ஆபிரிக்கா பம்பாட்டா குழுவினர் வெளியிட்ட 'பிளனற் றொக்', ஜேர்மனியக் கிராஃப்ற்வேர்க் குழுவின் மெட்டையும் ஜப்பானிய ரோலண்ட் 808 தாளப்பொறியையும் கொண்டு உருவானது. கலப்பு றப்பின் பிறப்போடு வந்தது.

எனினும், வசைபாடுவோரிலும் வாழ்த்துவோரே ஆபத்தானவர்கள். பெரும்பாலும் வெள்ளையரின் இசையாகிய இண்டியின் உறவால் றப் கௌரவம் பெற்றதென்றால், கறுப்பு மக்களின் கலை அதுவரை கலையாகாது கிடந்தது என்றல்லவா பொருள்படும்? றொக் இசை கறுப்பினத்தவரின் புளூஸ் மரபிலிருந்து கிளைத்தது. இலத்திரனியல் நடன இசையின் ஹவுஸ், ரெக்னோ வடிவங்கள் 1980களில் சிக்காகோ, டெற்றோயிற் நகரங்களின் கறுப்பு இளைஞர்களால் ஆக்கப்பட்டவை. கடன் கொடுத்தவனையே கடனாளியாக்கும் கணக்கு இது.

கலப்பை அளக்கவேண்டிய கோல் வேறு. அது எதனைச் சொல்ல உதவிற்று என்பதே வினா. கிளீவ்லண்ட் நகரிற் பிறந்து, பதினோராவது வயதில் தந்தையை இழந்த ஒருவரின் தனிமையும் இரவின் அச்சமும் இத்தொகுப்பில் ஐந்து பகுதிகளாக விரிகின்றன. வீரமும் செல்வமும் பேசும் உரத்த குரலுக்குள் இவை அடங்கா. ஆகவேதான் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டதொரு முணுமுணுப்பையும் மங்கலான சின்தசைசர் ஒலியையும் அவர் நாடினார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறச் சென்றதை 2016 இல் அவரே பகிரங்கமாக அறிவித்தபோது, அத்தனிமை வேடமன்று என்பது தெளிவாயிற்று.

உள்ளடக்கத்தின் தேவையே ஈண்டு உருவத்தை மாற்றிற்று. அத்தேவையைக் கருதாது, எவரோடு கலந்தது, அதனால் ஏறிற்றா இழிந்ததா என ஆராய்வோர், விமர்சனம் என்ற பெயரிற் சாதி விசாரணையே நடத்துகின்றனர்.