சபைக் கூச்சமும் செத்தவீடும்

கல்விக்கும் கேள்விக்கும் அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், அவ்வளவில் அமையாது அவையஞ்சாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். போர்க்களத்திலே சாகத் துணிந்தவர் பலர், அவையிலே அஞ்சாதவர் சிலர் என்பது அங்கே அவர் கருத்து. கற்றவனையும் இவ்வச்சம் பற்றும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். நாமோ இதனைப் பெண்ணிடத்துக் கண்டால் அடக்கம் என்று புகழ்கிறோம். ஆணிடத்துக் கண்டால் கோழைத்தனம் என்றோ தலைக்கனம் என்றோ இகழ்கிறோம். இரண்டும் தவறு. புகழ்ச்சியே கூடிய தீங்கென்பேன். இகழப்பட்டவனாவது தன் குறையை அறிவான்.

அவை என்றதும் மேடையும் ஒலிவாங்கியும் நினைவுக்கு வரும். சாதாரண மனிதனுக்கு அவை எது? கலியாணவீட்டுப் பந்தி, கச்சேரியின் வரிசை, பாடசாலையிற் பெற்றோர் கூட்டம். யாவற்றினும் கொடிது செத்தவீடு.

அயலிலே ஒரு மரணம். போகவேண்டும் என்று ஒருவர் சட்டையை மாட்டுகிறார். என்ன சொல்வது, எங்கே இருப்பது, எல்லாரும் பார்ப்பார்களே என்று நெஞ்சு படபடக்கிறது. எட்டுச் செலவுக்குப் போகலாம் என்று சட்டையைக் கழற்றுகிறார். அக்கணத்தில் ஓர் ஆறுதல்! அந்த ஆறுதல்தான் நஞ்சு. ஓடினால் அச்சம் தணியும் என்ற பாடத்தை அது மனத்துக்குக் கற்பித்துவிடுகிறது. எட்டுக்கும் அவர் போவதில்லை. முதலில் வராதவன் இப்போது எந்த முகத்தோடு வருவது? முப்பத்தொராம் நாளும் கழிகிறது. பின்னர் அவ்வீட்டாரைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்புகிறார். கல்நெஞ்சன் என்று ஊர் பேசுகிறது. உண்மையில் அவர் அந்த மரணத்துக்காகத் தனியே இருந்து அழுதவராகவும் இருக்கலாம்.

மேனாட்டு மருத்துவர் இவ்வச்சத்தை ஏனைய அச்சங்களினின்றும் பிரித்துணர்ந்தது 1960களிலேதான். 1995இல் கிளார்க், வெல்ஸ் என்னும் உளவியலார் இருவர் இதன் இயக்கத்தைத் தெளிவாக விளக்கினர். அஞ்சுபவனின் கண் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. தன் குரல் நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா என்று தன்னையே காவல் காக்கிறான். எதிரில் இருப்பவரின் முகத்தை அவன் பார்ப்பதேயில்லை. பேசப்போகும் வாக்கியத்தை மனத்துள் ஒத்திகை பார்ப்பதும், கைத்தொலைபேசியிற் கண்ணைப் புதைப்பதும் அவன் தேடும் கவசங்கள். அக்கவசங்களே அச்சத்தை வளர்க்கின்றன.

அமெரிக்காவிலே கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று சுவையானது. அணிய நாணும்படியான படம் பொறித்த சட்டையை ஒரு மாணவனுக்கு அணிவித்து, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினர். இவ்வாறு சென்றவர்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் தம் சட்டையைக் கவனித்திருப்பர் என்று கணித்தனர். கவனித்தவரோ காற்பங்கினரே. நம்மைப் பார்ப்பதற்கு ஊருக்கு அவ்வளவு நேரமில்லை!

வெளியே கிளம்பவே முடியாதவாறு அச்சம் முற்றியோர் வைத்தியரை நாடவேண்டும். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. நம் நாட்டு அரசினர் வைத்தியசாலைகளிலே கட்டணமும் இல்லை. பைத்தியப் பட்டம் சூட்டும் அயலவரின் நாக்குத்தான் தடை. ஏனையோர் சிறிதிலிருந்து தொடங்கலாம்: கடைக்காரரின் முகத்தைப் பார்த்து விலை கேட்பது, பந்தியிற் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் விசாரிப்பது. படபடப்பு அடங்கும்வரை காத்திருந்தால் நாள்தான் போகும்; படபடப்போடேயே போகவேண்டும்.

செத்தவீட்டுக்கும் அவ்வாறே. அங்கே பேச்சு வேண்டும் என்று யார் விதித்தார்? பந்தலின்கீழ் ஒரு கதிரையில் அரைமணி நேரம் வாய் திறவாது இருக்கலாம். புறப்படும்போது விடைபெற வேண்டியதுமில்லை. செத்தவீட்டிலே சொல்லாமல் எழுந்து போவதுதான் நம்மவர் முறை.