பாவாடை நாடா: தப்பு கட்டுறதுல இல்ல, வெட்டுறதுல
1/ பாவாடை நாடாவைப் பத்தி ஒரு த்ரெட். சிரிக்காம படிங்க. தினமும் சேலை கட்டுற உங்க அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ கேட்டுப் பாருங்க. நாடா உட்காருற இடத்துல பலருக்கு ஒரு கறுப்புத் தடம் இருக்கும். அரிக்கும், தோல் தடிச்சு உரியும், சிலருக்குப் புண்ணாகும்.

2/ ஓபியில இதுக்குக் கிடைக்கிற பதில்: "லூஸா கட்டுங்கம்மா." ஒரு களிம்பு. அடுத்த டோக்கன். லூஸா கட்டினா சேலை நிக்காது. ஐந்தரை மீட்டர் துணியும் கொசுவமும் அந்த ஒரு நாடாவை நம்பித்தான் இருக்கு. நாத்து நடுறவங்ககிட்ட, சித்தாள் வேலை பார்க்கிறவங்ககிட்ட இதைச் சொல்றது வைத்தியமே இல்ல.

3/ ஸ்கூல்ல படிச்சதுதான்: அதே விசை, பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும். அரை செ.மீ. நாடாவுக்குப் பதிலா அதே இறுக்கத்துல 5 செ.மீ. பட்டி இருந்தா தோல் மேல அழுத்தம் பத்துல ஒரு பங்குதான். புத்தகப் பைக்கு அகலமான பட்டை வைக்கத் தெரிஞ்ச நமக்கு, இடுப்புக்கு வைக்கத் தோணல.

4/ அடுத்தது அளவு. டெய்லர் அளவெடுக்கும்போது நேரா நிக்கிறோம். ஆனா உட்கார்ந்தா வயிறு மடியும், சாப்பிட்டா உப்பும், குனிஞ்சா நாடா விலாப் பக்கம் ஏறும். இடுப்புச் சுற்றளவு நாள் முழுக்க மாறிக்கிட்டே இருக்கு. நாடா ஒரு நூல்கூட மாறாது. அந்த வித்தியாசத்தைத் தோல்தான் தாங்குது. கூடவே வியர்வை, உராய்வு.

5/ "இதெல்லாம் ஒரு நோயா?" 1945லயே கனோல்கர், சூரியாபாய் ரெண்டு பேரும் வேட்டி இறுக்கிக் கட்டுற இடத்துல வர்ற தோல் புற்றுநோயைப் பதிவு பண்ணாங்க. 2024ல பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழ்ல 70 வயசை ஒட்டின ரெண்டு பெண்களோட கதை வந்தது. இடுப்புல ஆறாத புண், பரிசோதிச்சா புற்றுநோய். இது ரொம்ப அபூர்வம், பயப்படாதீங்க. ஆனா தடமும் புண்ணும் அபூர்வம் இல்ல.

6/ உடனே ரெண்டு கோஷ்டி வரும். "சேலையைக் குறை சொல்றியா?" "எல்லாரும் சுடிதாருக்கு மாறட்டும்." ரெண்டும் வேண்டாம். சேலை மேல தப்பில்ல. சுடிதார் பேன்ட்லயும் அதே நாடாதான் இருக்கு!

7/ "இப்போ ஷேப்வேர் வந்துருச்சே?" அது ஒல்லியாத் தெரியிறதுக்காகத் தைச்சது. சித்திரை வெயில்ல தொடையோட ஒட்டுற லைக்ராவைப் போட்டுக்கிட்டு களை எடுக்க முடியாது.

8/ டெய்லர்கிட்ட இப்படிக் கேளுங்க:
- நாடாவுக்குப் பதிலா 5-6 செ.மீ. அகலத்துல காட்டன் பட்டி
- பட்டி நேர்த்துண்டா இல்லாம, இடுப்பெலும்புச் சரிவுக்கு ஏத்த மாதிரி வளைச்சு வெட்டினது
- முதுகுப் பக்கம் மட்டும் அகல எலாஸ்டிக்
- பக்கவாட்டுல ரெண்டு மூணு அளவுக்குக் கொக்கி. சாப்பிட்டதும் ஒண்ணு தள்ளி மாட்டிக்கலாம்.
அளவெடுக்கும்போது ஒரு தடவை உட்கார்ந்தும் எடுக்கச் சொல்லுங்க.

9/ உலகத்துக்கே பனியன் தைச்சு அனுப்புற திருப்பூர் நம்ம ஊர்ல இருக்கு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் இருக்கு. எலாஸ்டிக்கும் கொக்கியும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. ஆம்பளை பேன்ட்டுக்கு எப்பவோ அகலப் பட்டி வந்தாச்சு. பாவாடை வெளியே தெரியாத துணி, அதனால யாரும் கண்டுக்கல. தையல் வகுப்புல இந்த வெட்டைச் சொல்லிக் கொடுங்க, கடையில அதே விலைக்கு வையுங்க.

10/ அதுவரைக்கும்: நாடா கட்டுற இடத்தைத் தினமும் கொஞ்சம் மேலயோ கீழயோ மாத்துங்க. வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்க. அங்க ஒரு புண் மூணு வாரம் தாண்டியும் ஆறலன்னா வெட்கப்படாம காட்டுங்க. டாக்டர் பார்க்காமலே களிம்பு எழுதினா, "பாருங்க டாக்டர்"னு கேளுங்க. அது உங்க உரிமை.