ஒல்லி லேப்டாப்பும் ஒரு தாள் கணக்கும்

வருடக் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஆடிட் என்று ஓடியதில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்கவும். நாக்பூரில் வெயில் கொளுத்த ஆரம்பித்தாயிற்று. மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கோவில்பட்டி வெயிலில் வளர்ந்த எனக்கே இங்கே வந்த முதல் கோடையில் மூக்கில் ரத்தம் வந்தது. வெயிலை ஏன் இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் கிளையில் கல்விக் கடன் என் மேஜையில்தான். போன வாரம் நம்மூர்க்காரர் ஒருவர் வந்தார். சங்கரன்கோவில் பக்கம். இங்கே சீதாபுல்டி அருகே சின்னதாக ஒரு டிபன் கடை. பையனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. கல்லூரிக் கட்டண விவரத்தோடு ஒரு லேப்டாப் கொட்டேஷனும் வைத்திருந்தார். 92,000 ரூபாய்.

"காயிதம் மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஒத்தக் கையில தூக்கிரலாம். பிராசஸர் பெரிய நம்பராம், கடைக்காரர் சொன்னாரு. லோன்ல சேத்துப் போட்டுருவீங்கள்ல?"

போடலாம். படிப்புக்குத் தேவையென்றால், நியாயமான விலையில், கம்ப்யூட்டருக்கும் கல்விக் கடனில் இடம் உண்டு. ஆனால் அந்தக் கொட்டேஷனைப் பார்த்ததும் எனக்குப் பேனா ஓடவில்லை. காரணம், நான் சூடு கண்ட பூனை.

2022-ல் என் மகள் ஆர்க்கிடெக்சர் சேர்ந்தாள். நானும் இதே போல் ஒரு ஒல்லி லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கத் தெரியாமல் வாங்கினேன். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் முப்பரிமாணப் படங்கள், ரெண்டரிங் என்று வந்ததும் பெட்டி திணற ஆரம்பித்தது. கோடையில் கேட்கவே வேண்டாம். ஃபேன் குக்கர் மாதிரி இரையும், வேலை நகராது. கூலர் முன்னால் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தோம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு வந்து எழுப்பினாள். "அப்பா, காலைல சப்மிஷன். இது அசையவே மாட்டேங்குது."

ஐந்து ஷீட் கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் கொடுத்தாள். மெமரியையாவது கூட்டலாம் என்று சர்வீஸ் சென்டர் போனால், 8 ஜிபி போர்டிலேயே சால்டர் செய்தது, கூட்ட வழியில்லை என்றார்கள். கடைசியில் செகண்ட் ஹேண்டில் தடியான ஒன்றை வாங்கினோம். அதன் பிறகுதான் இந்த ஒல்லி லேப்டாப் பிராசஸர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் பேலன்ஸ் ஷீட் படிக்கிறவனுக்கு இதுவும் ஓரளவு பிடிபட்டது. இங்கேயும் ஒரு பட்ஜெட்தான், அது வெப்பத்தின் பட்ஜெட்.

பிராசஸர் தின்னும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தைப் பெட்டி வெளியேற்றியாக வேண்டும். தடியான பெட்டியில் பெரிய ஃபேன், செம்புக் குழாய், காற்றுக்கு வழி எல்லாம் வைக்கலாம். ஒல்லியான பெட்டியில் அதற்கு இடம் ஏது? அதனால் சிப் கம்பெனிகள் ஒல்லிப் பெட்டிக்கென்றே தனியாகப் பிராசஸர் தயாரிக்கின்றன.

இந்தக் கதையில் முக்கியமான வருடம் 2008. அந்த ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு சாதாரண ஆபீஸ் கவருக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். எடை 1.36 கிலோ. அதற்காகவே இன்டெல் தன்னுடைய கோர் 2 டுயோ பிராசஸரின் உறையை 60 சதவீதம் சுருக்கிக் கொடுத்தது. இன்டெல் தலைவர் பால் ஒட்டெலினியே மேடைக்கு வந்தார். அந்தக் காலத்து லேப்டாப் பிராசஸர் 35 வாட் அளவில் இருந்தபோது இதற்கு 20 வாட். அதே பெட்டியில் மெமரி 2 ஜிபி, சால்டர் செய்தது. பேட்டரியை நாமே மாற்ற முடியாது. யூஎஸ்பி ஒன்றே ஒன்று. ஒல்லியாவதற்குக் கொடுக்க வேண்டிய விலை அன்றைக்கே அந்த மேடையில் தெரிந்துவிட்டது. நாம் கவரை மட்டும் பார்த்துக் கைதட்டினோம் :-)

அதற்குப் பிறகு போட்டி இதில்தான். 2014-ல் இன்டெல்லின் கோர் எம் வந்தது, 4.5 வாட், ஃபேனே வேண்டாம். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் லேப்டாப்புக்காக ஏஎம்டியிடம் கிராஃபிக்ஸ் கோர் ஒன்று கூடுதலாக வைத்த ரைசனையும், சர்ஃபேஸ் புரோ எக்ஸுக்காகக் குவால்காமிடம் எஸ்க்யூ1 என்ற சிப்பையும் வாங்கியது. 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியில் வாங்குவதையே குறைத்துக்கொண்டு சொந்தமாக எம்1 என்று இறக்கியது. ஃபேன் இல்லாத மேக்புக் ஏர் அவ்வளவு வேகமாக ஓடும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. பொறியாளர்களின் சாமர்த்தியத்துக்குக் கும்பிடுதான் போட வேண்டும். என் சண்டை அவர்களோடு இல்லை, பெயர் வைக்கிறவர்களோடு.

உதாரணம் பாருங்கள். 2016-ல் இன்டெல், கோர் எம்5, எம்7 என்று இருந்த வரிசைக்குப் பெயரை மாற்றி ஐ5, ஐ7 என்று வைத்தது. விளைவு? ஐ7-7ஒய்75 என்று ஒன்று: 2 கோர், 4.5 வாட், அடிப்படை வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ். ஐ7-7700ஹெச்க்யூ என்று இன்னொன்று: 4 கோர், 45 வாட், அடிப்படை வேகம் 2.8. வாட்டில் பத்து மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் பெயர் ஐ7. கடையில் நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஐ7 மட்டும்தான். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தை யார் பார்க்கிறார்கள்?

சரி, எழுத்தைப் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. 2020-ல் வந்த ஐ7-1165ஜி7 என்ற சிப்பை லேப்டாப் கம்பெனி 28 வாட்டிலும் ஓட்டலாம், 12 வாட்டிலும் ஓட்டலாம். 28-ல் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், 12-ல் வெறும் 1.2. ஒரே பெயர், ஒரே நம்பர், பாதிக்கும் குறைவான வேகம். எந்தப் பெட்டியில் எத்தனை வாட் என்பது அந்தக் கம்பெனிக்குத்தான் வெளிச்சம்.

அதற்கு மேல் டர்போ என்று ஒன்று. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் வேகம் அதுதான். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஓடி ஓடிப் பரிமாறும் பையனைப் பார்த்திருப்பீர்கள். நாலாவது பந்தியில் அவனே சாம்பார் வாளியை இழுத்துக்கொண்டு வருவான். ஒல்லி லேப்டாப்பின் டர்போவும் அப்படித்தான். மெயில், எக்செல், பிரவுசர் எல்லாம் முதல் பந்தியிலேயே முடிந்துவிடும் வேலைகள். அதனால் கடையில் தொட்டுப் பார்க்கும்போது பறக்கிற மாதிரி இருக்கும். அரை மணி நேரம் ரெண்டரிங், பெரிய கேட் டிராயிங் என்று வந்தால் அது நாலாவது பந்தி.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். மேக்புக் ஏரின் தகவல் குறிப்பிலேயே, பயன்படுத்துமிடத்தின் வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. வேறு பல லேப்டாப்களுக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நாக்பூர், அகமதாபாத், ஜெய்ப்பூர் என்று வேலைக்கு வந்து, ஏசி இல்லாத அறையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற நம் வீடுகளில் மே மாதம் 35 டிகிரி என்பது எத்தனை மணிக்குக் கிடைக்கும்? விடிகாலையில் கிடைத்தால் உண்டு. வெளிக்காற்றே சூடாக இருக்கும்போது பெட்டி எதைக் கொண்டு குளிரும்? கூலர் முன்னால் எவர்சில்வர் தட்டு வைத்ததன் விஞ்ஞானம் இவ்வளவுதான்.

அடுத்தது மெமரி. ஒல்லியாவதற்காக மெமரியைப் போர்டோடு சால்டர் செய்கிறார்கள். 2024-ல் வந்த இன்டெல்லின் லூனார் லேக்கில் ஒரு படி மேலே போய்ப் பிராசஸரின் உறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 16 அல்லது 32, வாங்கும் அன்று எதுவோ கடைசிவரை அதுதான். இதனால் மின்சாரம் மிச்சம், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், மறுக்கவில்லை. அதே வருடம் இன்டெல்லே, அடுத்தடுத்த சிப்களில் இப்படி மெமரியை உள்ளே வைக்கப் போவதில்லை என்று சொன்னது வேறு கதை. ஆப்பிளும் அதே 2024-ல்தான் ஏரின் ஆரம்ப அளவை 8 ஜிபியிலிருந்து 16-க்கு உயர்த்தியது. அதற்கு முன் 8 வாங்கியவர்கள் 8-லேயே இருக்க வேண்டியதுதான்.

வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. கடன் வாங்கி ஒரே ஒரு முறை வாங்கும் குடும்பத்துக்கு? அந்த 92,000-ஐ எடுத்துக்கொள்வோம். வட்டி கணக்குக்கு 10 சதவீதம். நாலு வருடப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருடம் அவகாசம், ஆக ஐந்து வருடம். தனி வட்டியே 46,000. தவணை ஆரம்பிக்கும் அன்று லேப்டாப் கணக்கில் மட்டும் 1,38,000 நிற்கும். வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் போட்டுப் பழகியவன் நான். அதையே போட்டால் 92,000 முதல் வருடம் 55,200, அப்புறம் 33,120, 19,872, 11,923, ஐந்தாம் வருட முடிவில் ஏழாயிரத்துச் சொச்சம். முதல் தவணை கட்டும்போது பையன் கையில் இருப்பது ஏழாயிரம் ரூபாய்ப் பொருள். அதுவும் அதுவரை ஓடினால்! நடுவில் படுத்துவிட்டால் இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டும், எங்கள் வீட்டில் நடந்தது போல.

அதற்காக ஒல்லி லேப்டாப்பே கூடாது என்று சொல்லவில்லை. பி.காம், சட்டம், இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கு அது தாராளம். இரண்டு நாள் ரயிலில் ஊருக்குப் போகும்போது தோளுக்கும் சுகம். என் மனைவி ஆன்லைனில் டியூஷன் எடுப்பது அந்த ஒல்லிப் பெட்டியில்தான், மகளை அழ வைத்த அதே பெட்டி. ஒரு குறையும் சொல்வதில்லை. வேலைக்குத் தகுந்த பெட்டி என்றால் அது நல்ல பெட்டிதான். அதைத் தெரிந்துகொண்டு வாங்க நமக்கு வழியில்லை என்பதுதான் என் புகார்.

வங்கியில் எங்களுக்கு என்ன விதி தெரியுமா? 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் கொடுக்கும் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கி சொன்னபடி முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். "8 சதவீதம் மட்டுமே!" என்று போஸ்டர் அடித்துவிட்டுப் பின்னால் கட்டணமாக உருவ முடியாது. ஆரம்பத்தில் எங்களுக்கே முணுமுணுப்புதான், கூடுதல் வேலை என்று. இப்போது அந்தத் தாளைக் காட்டி வாடிக்கையாளர் கேள்வி கேட்கும்போது, நல்லதுதான் என்று தோன்றுகிறது.

லேப்டாப்புக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். பெட்டியின் மேலேயே ஐந்து வரி போதும். இந்தப் பெட்டியில் பிராசஸர் ஓயாமல் எத்தனை வாட்டில் ஓடும். அரை மணி நேரத்துக்குப் பிறகு என்ன வேகம். எத்தனை டிகிரி வரை அந்த வேகம் நிற்கும். மெமரியைக் கூட்ட முடியுமா. பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும். ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டத் தெரிந்த நாட்டில் இது முடியாத காரியமா?

அது வரும்வரை நாமே கேட்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் பிராசஸரின் முழுப் பெயரை, கடைசி எழுத்து வரை, எழுதி வாங்குங்கள். அதே மாடலை அரை மணி நேரம் ஓட விட்டுச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். மெமரி சால்டரா, ஸ்லாட்டா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளை படிக்கப் போகும் துறையின் சீனியரிடம் மூன்றாம் வருடம் என்ன மென்பொருள் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். நான் முதல் வருடத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்தவன்.

டிபன் கடை அண்ணாச்சியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. என் மகள் கதையை மட்டும் சொன்னேன். பையனையே கல்லூரி சீனியர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். நாலு நாள் கழித்து வேறு கொட்டேஷனோடு வந்தார்கள். 71,000. இரண்டரைக் கிலோ, 45 வாட் பிராசஸர், மெமரிக்கு இன்னொரு ஸ்லாட் காலி.

"கனமாத்தான் இருக்கு. தூக்கட்டும், எளந்தாரிப் பயதான?" என்றார் அண்ணாச்சி. பையன் முகம் மட்டும் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. பாவம், அவன் வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் என்ன வாங்கினீர்கள், எந்த ஊர் வெயிலில் எப்படி ஓடுகிறது? பின்னூட்டத்தில் எழுதுங்கள். அட்மிஷன் நேரம், நாலு பேருக்கு உபயோகப்படும்.

பி.கு: அந்த எவர்சில்வர் தட்டு இன்னும் லேப்டாப் மேஜையில்தான் இருக்கிறது. சமையலறைக்குத் திரும்பி வரவில்லை என்று வீட்டில் புகார் :-)