காலப் பங்கின் மெய்விலை

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று காரைதீவிலும் கல்முனையிலும் மாத்திரமன்றி, இலண்டன், தொறன்ரோ, சிட்னி முதலாய தூர நகரங்களிலும் பரந்து வாழ்கின்றனர். பொருளீட்டும் வழிகளைக் கற்ற அளவிற்கு, ஈட்டிய பொருளைக் காக்கும் வழிகளையும் நாம் கற்றுள்ளோமா என்பது இவ்விழாக் காலத்திலே எண்ணற்பாலது. அம்முறையில், மேல்நாடுகளிற் பெருந்தொகைக்கு விற்கப்படும் 'டைம்ஷெயர்' எனும் காலப் பங்கினைக் குறித்தும், அதனை மீள விற்க முயல்வோர்க்கு நேரும் இடர்களைக் குறித்தும் சில கூற விழைகின்றோம்.

காலப் பங்காவது, ஓர் உல்லாச விடுதியின் அறையை ஆண்டுதோறும் குறித்த சில நாட்களுக்கு, பெரும்பாலும் ஒரு வாரத்திற்கு, நுகரும் உரிமை. வாரத்திற்குப் பதிலாகப் 'புள்ளிகளை' விற்கும் நிறுவனங்களும் இன்று பல. 1960களில் ஐரோப்பாவிலே தோன்றிய இம்முறை, பின்னர் அமெரிக்காவிற் பெருகிற்று. தமிழ்நாட்டிலும் 1986இல் சென்னையிலே தொடங்கப்பெற்ற ஸ்டேர்லிங் நிறுவனம் இதனைப் பரப்பியது. 1996இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் இருபத்தைந்து ஆண்டு உறுப்புரிமையாக இதனை விற்றது.

ஒரு பொருளைப் பலர் முறைவைத்து நுகர்தல் எம் நாட்டிற்குப் புதிதன்று. தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களிலே, பிரிக்க இயலாத சிறு வயலைப் பங்காளிகள் முறை மாறிச் செய்கை பண்ணும் 'தட்டுமாறு' எனும் வழக்கு உண்டு. ஆயின் வயற்பங்கு நெல்லைத் தருவது. முறை வந்த ஆண்டிலே களஞ்சியத்தை நிரப்புவது. விடுதிப் பங்கோ விளைவு எதனையும் தராது. விடுமுறை கழித்தாலும் கழியாவிட்டாலும், பராமரிப்புக் கட்டணம் என ஆண்டுதோறும் பணம் கேட்பது. அமெரிக்காவில் இக்கட்டணம் சராசரியாக ஆண்டிற்கு 1,000 டொலரைக் கடந்துவிட்டது. வயலுக்குரிய கண்கொண்டு விடுதிப் பங்கை நோக்குவதே எம்மவர் ஏமாறுதற்கு முதற்காரணம். காணி வாங்கினால் விலை ஏறும் என்ற எம் முன்னோரின் பட்டறிவு இங்கே பயன்படாது.

இனி விலையைக் கணக்கிடுவோம். ஓர் அறையை ஐம்பது வாரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 20,000 டொலருக்கு விற்றால் வருவது பத்து இலட்சம் டொலர். அவ்வறையின் உண்மை விலை அதிற் சிறு பகுதியே. எஞ்சியது விளம்பரத்திற்கும், இலவச விருந்திற்கும், விற்பனையாளரின் தரகிற்கும், நிறுவனத்தின் இலாபத்திற்கும் போவது. மீள விற்கும்போது இச்செலவுகளை அடுத்தவர் ஈடுசெய்யார். ஆதலால் வாங்கிய விலையின் மிகச் சிறு பங்கே கிடைக்கும். பலவேளை அதுவும் கிடையாது. ஒரு டொலருக்கு விற்பனைக்கு விடப்பட்டும் வாங்குவாரற்றுக் கிடக்கும் பங்குகள் உள.

மெய்விலையை அறிய விரும்புவோர், பிறர் கேட்கும் விலையை நோக்காது, அதே விடுதியின் அதே பருவத்து வாரம் உண்மையில் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதனை நோக்குக. எஞ்சிய ஆண்டுகள் எத்துணை, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வேறு விடுதிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டாவது கையில் வாங்குவோர்க்கும் செல்லுமா என்பனவற்றையும் ஆராய்க. யாழ் நரம்பின் அளவையும் கணக்கிட்டு ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரவர், தம் பணத்தைக் கணக்கிடப் பின்னிற்றல் தகுமோ?

முதல் நட்டத்தினும் கொடியது இரண்டாம் நட்டம். பங்கை விற்கத் தவிப்போரின் பெயர்களைத் தேடிப் பெற்று, "வாங்குவதற்கு ஒருவர் ஆயத்தமாக உள்ளார், வரிக்கும் பதிவிற்கும் முற்பணம் அனுப்புக" எனத் தொலைபேசியிலே கூறுவோர் பலர். பணம் சென்றபின் வாங்குவாரும் இல்லை, கூறினாரும் இல்லை. 2019 முதல் 2023 வரை மெக்சிக்கோ நாட்டுக் காலப் பங்கு மோசடிகளில் ஏறத்தாழ 6,000 அமெரிக்கர் 30 கோடி டொலர் வரையில் இழந்ததாக, 2024இல் அமெரிக்க அரசின் திணைக்களங்கள் அறிவித்தன. இதற்கெனவே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுப் பணிப்பும், பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும், மீள்விற்பனை முடியுமுன் முற்பணம் பெறுதலைத் தடைசெய்தன. உடன்படிக்கை எழுதியோர் பதினான்கு நாட்களுக்குள் அதினின்று விலகவும் அவை இடமளித்தன. முற்பணம் கேட்பவர் எவராயினும் அவரோடு பேச்சை அவ்விடத்தே நிறுத்துக என்பதே எமது துணிபு.

எம் நாட்டிலே காணி விற்பனை நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுதப்பட வேண்டும் என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. உறுதியையும் பதிவேட்டையும் பாராது எம்மவர் காணி வாங்கார். அவ்விழிப்பே இங்கும் வேண்டும். விற்பவர் முதலில் விடுதி நிறுவனத்திற்கே எழுதி, பங்கை அது திரும்ப ஏற்குமா எனக் கேட்பாராக. சில நிறுவனங்கள் ஏற்பதுண்டு. கட்டண நிலுவையைத் தீர்த்து, அதற்கு எழுத்திலே சான்று பெறுவாராக. வாங்குவோரின் பணம் சட்டத்தரணி போன்ற நடுவரிடம் வைக்கப்பட்டு, பெயர் மாற்றம் நிறைவேறியபின் கைமாறுவதாக. தம் பெயர் ஏட்டினின்று நீங்கியது என நிறுவனம் எழுதித் தரும்வரை, ஆண்டுக் கட்டணம் தம்மையே சாரும் என்பதையும் நினைவிற் கொள்வாராக.

பாதுகாப்பாக விற்றல் என்பது விற்பவரின் பாதுகாப்பு மாத்திரமன்று. தம் சுமையை இறக்கும் ஆவலிலே, ஆண்டுக் கட்டணத்தை மறைத்து, ஊரவர், உறவினர், ஒரே வகுப்பிற் படித்தவர் என்ற நம்பிக்கையைப் பயன்படுத்தி அவர் தலையிலே பங்கைக் கட்டிவிடுதல் வாணிபமாகாது, வஞ்சமாகும். விலை போகாத பங்கை நிறுவனத்திடமே ஒப்படைத்து, போனது போக எஞ்சியதைக் காத்தல் அதனினும் மேலானது.

ஏமாந்தோர் நாணத்தாற் பேசாதிருத்தலே ஏமாற்றுவோர்க்குப் பெருந்துணை. ஆகவே வெளிநாடுகளிலுள்ள எமது பழைய மாணவர் சங்கக் கிளைகள், உடன்படிக்கைகளைப் படித்து அறிவுரை கூறவல்ல சட்டம் கற்ற உறுப்பினரை இப்பணிக்கு அமர்த்துதல் வேண்டும். கல்லூரியிற் பயிலும் இளைஞர்க்கும் வட்டிக் கணக்கோடு ஒப்பந்தக் கணக்கையும் ஆசிரியர் கற்பிப்பாராக. கையொப்பம் இடுமுன் ஓர் இரவு பொறுத்து, கணக்கறிந்த ஒருவரிடம் காட்டும் பழக்கம் எம் மாணவரிடையே வேரூன்றுமாயின், அது இவ்விழாவின் நற்பயன்களுள் ஒன்றாகும்.