பாதுகாப்புத் துறையும் பாவையரும்

பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் நிற்கும் எங்களை, "அடுத்து என்ன?" என்று கேட்காதவர் இல்லை. ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர் என்று விடை கூறினால் பெரியோர் முகம் மலர்கிறது. "பாதுகாப்புத் துறையில் பொறியாளர்" என்றாலோ, "பெண்பிள்ளைக்குப் பீரங்கி எதற்கு?" என்கின்றனர். அதற்கு எங்களால் இயன்ற விடையே இக்கட்டுரை.

எங்களுள் சிலர் ஜெர்மனி, பிரான்சு என்று கனவு காண்கிறோம். துலூஸ் நகரில் விமானத் தொழில் சிறந்து விளங்குவது உண்மையே. ஆயினும் நாட்டின் காவல் இரகசியங்களைத் தொடும் பணிகளை எந்த நாடும் பெரும்பாலும் தன் குடிமக்களுக்கே அளிக்கும். அண்டை வீட்டார் தம் பெட்டிச் சாவியை நம்மிடம் தருவார்களா? நம் வீட்டுச் சாவியோ நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆவடியில் 1960களிலிருந்து டாங்கிகள் உருவாகின்றன. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆய்வு நிலையமும் அங்கேயே உள்ளது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கப்பெற்ற பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஊர்களை இணைக்கிறது. அதில் மதுரை இல்லாதது எங்கள் மனக்குறையே. ஆனால் விளாங்குடியில் காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் திருச்சியை அடைந்துவிடலாம் அன்றோ?

பெண்ணால் இயலுமா என்பார்க்கு ஆலப்புழையில் பிறந்த டெசி தாமஸ் அவர்களே விடை. கல்விக் கடன் பெற்றுப் பொறியியல் பயின்றவர். 1988இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் திட்ட இயக்குநராக விளங்கிய அக்னி-4 ஏவுகணை 2011 நவம்பரில் வெற்றியுடன் பாய்ந்தது. நம் நாட்டில் ஏவுகணைத் திட்டமொன்றுக்குத் தலைமை ஏற்ற முதற்பெண்மணி அவரே.

உயிரைக் கொல்லும் கருவியைச் செய்வது தகுமா என்று எங்கள் மனச்சான்று கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும். அக்னிக்கென உருவாக்கிய இலேசான கார்பன் பொருளைக் கொண்டே, டாக்டர் அப்துல் கலாமும் அவருடன் உழைத்தோரும் போலியோ தாக்கிய குழந்தைகளுக்குக் கால்தாங்கி செய்தனர். சுமார் 3 கிலோச் சுமை 300 கிராமாகக் குறைந்தது! இரக்கமுள்ள உள்ளங்கள் அங்கே இருந்ததனால்தான் இது நிகழ்ந்தது. அத்தகையோர் விலகி நின்றால், எஞ்சுவது ஆயுதம் மட்டுமே.

வழி எளிதன்று. மேனிலையில் கணிதமும் இயற்பியலும், பின்னர்ப் பொறியியற் பட்டம், அதன்மேல் கேட் தேர்வு. பாலிடெக்னிக் பயின்றோர்க்கும் தொழில்நுட்பப் பணிகள் உண்டு.

பெற்றோரே, கணிதப் பிரிவைக் கேட்கும் மகளைத் தடுக்காதீர்கள். அன்புச் சகோதரியரே, ஆய்வுக்கூடத்தின் கதவு எங்களுக்காக இன்னும் சற்று நேரம் திறந்திருக்கட்டும். தோழியரே, அக்கதவினுள் நுழையும் துணிவு மட்டும் நம்முடையதாகட்டும்!