அணுகுண்டும் அயல்நாட்டுக் கொள்கையும்

தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, தமது எண்பத்து மூன்றாம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கடல் கடந்து சென்று, 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணு ஆயுதப் பரிசோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் நேருவின் ஆட்சியை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்திருந்தார். ஆயினும், பரிசோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டுமென்று 1954லேயே லோக் சபையில் கேட்டவர் நேரு. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. படைபலமும் பணபலமும் குறைந்த ஒரு தேசம், வல்லரசுகளின் முகத்துக்கு நேரே நியாயத்தைச் சொல்லும் தகுதியைத் தன் நடத்தையினாலேயே பெற்றிருந்தது என்பதுதான் அந்நாளைய அயல்நாட்டுக் கொள்கையின் பெருமை. மறு ஆண்டு ஆகஸ்டு 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கை, வாயுமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுப் பரிசோதனை செய்வதைத் தடுத்தது; கியூபா நெருக்கடி ஊட்டிய அச்சம் உள்ளிட்ட பல காரணங்கள் அதற்கு உண்டென்றாலும், அதைக் கோரிய குரல்களுள் ஒன்று நம் சென்னையிலிருந்து எழுந்தது.

அந்தத் தகுதி பின்னர் தேய்ந்த வரலாறு, ஒரு தேசத்தின் அச்சம் அடுத்த தேசத்தின் ஆயுதமாக மாறிய வரலாறேயாகும். கென்னடியுடன் ராஜாஜி பேசி மூன்று வாரங்கள் கழிந்தவுடனே சீனப் படைகள் இமயத்தைக் கடந்து தாக்கின. 1964 அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. சீனாவுக்கு விடையாக 1974 மே 18 அன்று நாம் பொக்ரானில் வெடித்ததை, தனக்கு விடப்பட்ட சவாலாகப் பாகிஸ்தான் எடுத்துக்கொண்டது. 1998 மே 11, 13 தேதிகளில் நாம் மீண்டும் வெடிக்க, அதே மாதம் 28 அன்று சாகாய் மலைப் பகுதியிலும் 30 அன்று காரான் பாலைவனத்திலும் பாகிஸ்தான் பதில் சொல்லிவிட்டது.

குண்டு கையில் இருந்தால் பிறர் நம்மை நிர்ப்பந்திக்க முடியாது என்று அன்று வாதித்தவர்களின் தேசபக்தியை நான் சந்தேகிக்கவில்லை. 1962இல் அவமானப்பட்ட தலைமுறைக்கு அந்த வாதம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதையும் அறிவேன். ஆனால் நிகழ்ந்தது வேறு. காஷ்மீர்ப் பிரச்னை இரு நாடுகளுக்கு இடைப்பட்டது, மூன்றாமவருக்கு அதில் இடமில்லை என்பது 1972 சிம்லா ஒப்பந்தம் முதல் நாம் விடாது பற்றிநின்ற கொள்கை. 1998 ஜூன் 6 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1172ஆம் தீர்மானமோ, இரு தேசங்களின் பரிசோதனைகளையும் ஒருசேரக் கண்டித்ததோடு நில்லாமல், காஷ்மீரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. எந்தச் சுதந்திரத்தைக் காப்பதற்காக வெடித்தோமோ, அந்தச் சுதந்திரத்தின் ஒரு பகுதியை வெடித்த மாதம் முடிந்த ஒரு வாரத்துக்குள் இழந்தோம். மறு ஆண்டே கார்கில் யுத்தம் மூண்டதால், குண்டு யுத்தத்தைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது.

இது டில்லி ராஜதந்திரிகளின் விவகாரம் என்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருப்பவர்கள் ஒதுங்கிவிட முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் கல்பாக்கம். அங்கே பிரான்சின் ஒத்துழைப்புடன் தொடங்கிய சிறிய சோதனை ஈனுலைக்கு, செறிவூட்டிய யுரேனியத்தை அந்நாடு தருவதாக இருந்தது. 1974 வெடிப்புக்குப் பிறகு அது கை விரித்துவிடவே, புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை நம் விஞ்ஞானிகளே உருவாக்கி, 1985இல் உலையை இயக்கிக் காட்டினார்கள். பிரமிக்கத்தக்க சாதனைதான்; ஆயினும் பொக்ரானில் எழுந்த புழுதி கல்பாக்கத்து உலையின் கருவறைக்குள்ளேயே வந்து படிந்தது என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு பேசப்பட்டபோது, 2006இல் 22 உலைகளில் 14ஐச் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்படுத்த இசைந்த நாம், கல்பாக்கத்தின் இரு மின் உலைகளையும் அங்கே எழும்பிக்கொண்டிருந்த 500 மெகாவாட் ஈனுலையையும் அதற்கு வெளியே நிறுத்திக்கொண்டோம். நம் கடற்கரை உலைகள் இவ்விதம் தேசாந்தரப் பேரத்தில் எண்ணப்படும்போது, அந்தப் பேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இல்லையா?

குண்டை ஒரே நாளில் தூக்கியெறியச் சொல்வது இன்று நடவாத காரியம். ஆனால் சிறிய வாக்குறுதிகளைக் காப்பாற்றுவது நடக்கக்கூடியது என்பதற்கு நம்மிடமே பிரமாணம் இருக்கிறது. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி அந்நிலையங்களின் பட்டியலை இரு அரசுகளும் பரிமாறிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பின்னும், மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்த 2009 புத்தாண்டிலும் கூட அந்தப் பரிமாற்றம் தவறவில்லை. பகைமையின் நடுவிலும் கைக்கொள்ளத்தக்க தர்மம் ஒன்று உண்டென்பதை இது காட்டுகிறது.

இதன் எல்லையை விரிப்பதுதான் இன்றைய கடமை. பாலிஸ்டிக் ஏவுகணைப் பரிசோதனையை முன்கூட்டித் தெரிவிக்கும் 2005 உடன்படிக்கையில் குரூஸ் ஏவுகணைகள் அடங்கவில்லை. அந்த வகையைச் சேர்ந்த பிரமோஸ் ஒன்று 2022 மார்ச் 9 அன்று நம் பக்கத்துப் பிழையால் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தபோது, நம் அரசின் விளக்கம் வெளிவர இரண்டு நாள் பிடித்தது. அணு ஆயுதம் ஏந்திய அயலார்களுக்கிடையே இரண்டு நாள் மௌனம் ஒரு யுகத்துக்குச் சமானம். எல்லா வகை ஏவுகணைகளுக்கும் முன்னறிவிப்பு, தவறு நேர்ந்த அந்த நிமிஷமே தகவல் என்ற இரண்டையும் உடன்படிக்கையாக்க நாமே முன்வர வேண்டும். முதலில் அணு ஆயுதத்தைப் பிரயோகிப்பதில்லை என்று 1964 முதலே சீனா பிரகடனம் செய்து வருகிறது; 2003இல் நாமும் அதையே கொள்கையாக ஏற்றோம். தனித்தனியே சொன்ன இந்த வாக்கை இருவரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கையாக எழுதக் கேட்பதில் நமக்கு இழப்பு எதுவும் இல்லை. மறுத்தால், மறுத்தவர் யார் என்பதை உலகம் அறியும்.

வரும் தேர்தலில் வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வரும் லோக் சபை வேட்பாளர்களிடம், சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்பதோடு இவற்றையும் கேட்போமாக. ஜனங்கள் கேட்காத கேள்விக்கு எந்த அரசும் பதில் தேடுவதில்லை.