சமையலறையை இடித்துக் கட்டும்போது மின்கம்பியை யார் கவனிக்கிறார்கள்?

மறுவிற்பனையில் பழைய வீவக வீடு வாங்கியதும் பலர் முதலில் கைவைப்பது சமையலறையில்தான். கேபினெட் நிறம், கவுண்டர்டாப், டைல்ஸ் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். மின்கம்பி எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பாத்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறோம்.

கல்லும் டைல்ஸும் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஆனால், டைல்ஸுக்குப் பின்னால் தவறாகப் போன கம்பியைக் கண்டுபிடிப்பதே சிரமம்.

30 ஆம்பியர் வீட்டில் 7 கிலோவாட் அடுப்பா?

1994க்கு முன் கட்டப்பட்ட வீவக வீடுகளில் மின்விநியோகம் 30 ஆம்பியர் அளவிலேயே இருக்கக்கூடும். கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்த காலத்துக்கு அது போதும். இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு, அவன், டிஷ்வாஷர் என எல்லாமே மின்சாரம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 7 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால், 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்சாரம் சுமார் 30 ஆம்பியர். வீட்டின் மொத்த அளவும் ஒரே அடுப்புக்குச் சரியாகப் போய்விடும். ஏர்கான் போட்டால்? கெட்டில் வைத்தால்?

எனவே அடுப்பு வாங்கும் முன்னரே மெயின் சுவிட்ச்சை 40 ஆம்பியராக உயர்த்தவேண்டுமா என்று பார்க்கவேண்டும். அடுப்பு, அவன் போன்றவற்றுக்குத் தனித்தனி சர்க்கிட் தேவைப்படலாம். சாதாரண 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3 கிலோவாட்தான்.

இங்கே ஓர் ஆபத்தான குறுக்குவழி உண்டு. "பிரேக்கர் அடிக்கடி விழுது, பெரிசா ஒண்ணு மாத்திடலாம்" என்பார்கள். பிரேக்கர் இருப்பதே கம்பியைக் காப்பாற்றத்தான். கம்பியை அப்படியே விட்டுப் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், கம்பி சூடேறிக்கொண்டே இருக்கும், பிரேக்கர் பேசாமல் இருக்கும்.

சுவருக்குள் நேர்க்கோடு ஏன்?

சுவரில் புதைக்கும் கம்பி சுவிட்ச் அல்லது சாக்கெட்டிலிருந்து நேராக மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ போகவேண்டும். குறுக்கே சாய்வாக இழுத்தால் கொஞ்சம் கம்பி மிச்சமாகும், உண்மைதான். ஆனால், ஐந்து வருடம் கழித்து அம்மா மசாலா ரேக் மாட்டச் சொல்லும்போது டிரில்லை எடுப்பவருக்கு அது தெரியாது. நேர்க்கோட்டில் போயிருந்தால் சாக்கெட்டைப் பார்த்தே ஊகிக்கலாம்: இதற்கு மேலேயும் பக்கத்திலும் துளை போடக்கூடாது.

கம்பியை வெறுமனே சிமெண்டில் புதைக்காமல் பிவிசி குழாய்க்குள் விடுவது நல்லது. உரசலிலிருந்து அது கம்பியைக் காக்கும். பிறகு சுவரை உடைக்காமலே கம்பியை மாற்றவும் வாய்ப்புண்டு. சாதாரண பிவிசி உறையுள்ள கம்பி 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஆகவே அவனின் சூடான பின்பக்கத்தில் அதை உரசவிடக்கூடாது. பல கம்பிகளை ஒரே குழாயில் திணித்தாலும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் அவை தாங்கும் அளவு குறையும்.

இன்னொன்று: எல்லாச் சுவரிலும் காடி வெட்டமுடியாது. கான்கிரீட் தூண், உத்தரம், கட்டடத்தைத் தாங்கும் சுவர் ஆகியவற்றை வெட்ட வீவக அனுமதிப்பதில்லை. 'பாம் ஷெல்ட்டர்' சுவரும் அப்படித்தான். அங்கே கம்பியைச் சுவருக்கு வெளியே டிரங்கிங்கில் விடுவதே வழி. அழகு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

ஆர்சிசிபி இருந்தால் போதாதா?

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி அது. வீடுகளில் பொதுவாக 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே செயல்படும். 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் பொருத்தவேண்டும் என்று விதி வந்தது.

அது உயிர்காக்கும் கருவி, சந்தேகமில்லை. ஆனால், எல்லா ஆபத்தையும் அது பார்ப்பதில்லை. லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால் அதற்குக் கசிவாகத் தெரியாமல் போகலாம். சாக்கெட்டுக்குள் தளர்வாக முடுக்கிய கம்பி சூடேறிக் கருகினாலும் அது விழாமல் இருக்கலாம். அந்த வேலையைச் சரியாகச் செய்யவேண்டியது மனிதர். கருவியிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்ஊழியரே செய்யவேண்டும். வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளர் என்பதற்காக அவரிடம் வேலை செய்பவருக்கு மின்உரிமம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு. பெயரை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். "உங்க லைசென்ஸ் நம்பர் சொல்லுங்கண்ணே" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முதல் நாள் வீட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள்: தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், மூலையிலிருந்து எவ்வளவு. படத்தைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல், வேலை முடிந்தபின் மின்ஊழியர் தரும் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது சாவியோடு அதையும் கொடுக்கலாம்.